முகம் திருப்பியிருந்த தாய்

எண்பதுகளின் பின்பாதியில் தெற்கு லண்டனில் ஒரு சிறிய ஓவியக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வாசலில் நிற்கிற காவல் வேலை அல்ல. உள்ளே ஓர் அறையின் மூலையில், சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, வருகிறவர்கள் படங்களைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊரில் நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவன். ஓவியத்துக்கும் எனக்கும் கலண்டர் அளவுக்கு மேல் சம்பந்தம் இருந்ததில்லை. நேர்முகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திக் கேட்டார்கள்: நாள் முழுவதும் நிற்க முடியுமா? முடியும் என்றேன். அகதி விண்ணப்பத்துக்காக வரிசை வரிசையாக நின்று பழகிய கால்கள்.

எனக்குத் தந்தது பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியப் படங்கள் இருந்த அறை. பெரும்பாலும் சமயப் படங்கள். மேகத்தில் மிதக்கிற புனிதர்கள், மடியில் குழந்தையுடன் மரியாள், குண்டு குண்டுக் கன்னங்களோடு சிறகு முளைத்த பிள்ளைகள். அறையின் நடுவே ஒரு வாங்கு. அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிகிற படம் ஒன்று இருந்தது. கீழே ஒட்டியிருந்த சீட்டில் வெனிஸ் நகரத்து ஓவியர் என்று மட்டும் போட்டிருந்தது. பெயர் தெரியாதாம்.

புதன்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை ஒருவர் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்து விளக்கம் சொல்வார். ஒவ்வொரு புதனும் அதே சொற்கள், அதே இடத்தில் அதே சிறு செருமல். இரண்டு வருடத்தில் எனக்கு அது பாடமாகிவிட்டது. எதிரே இருந்த படத்தின் கதை அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. ஒரு பெரிய வீட்டின் எசமானுக்குப் பிள்ளை பெற்றுக்கொடுத்த பணிப்பெண். பிறகு எசமானிக்கும் ஒரு மகன் பிறக்க, இவளையும் இவள் பிள்ளையையும் கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பை தண்ணீரும் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். தண்ணீர் முடிந்துபோகிறது. பிள்ளை தாகத்தில் சாகக் கிடக்கிறான். அவள் அவனை ஒரு பற்றைச் செடியின் கீழே கிடத்திவிட்டு, அவன் சாவதைத் தன் கண்ணால் பார்க்கக் கூடாது என்று எழுந்து தூரப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அப்போது தேவதூதன் வந்து ஒரு கிணற்றைக் காட்டுகிறான்.

மற்ற ஓவியர்கள் தாய் தேவதூதனை நிமிர்ந்து பார்ப்பதுபோலக் கீறுவார்கள், இவர் அதற்கு ஒரு கணம் முந்தியதைக் கீறியிருக்கிறார் என்று அந்த ஆசிரியை சொல்வார். உண்மைதான். தேவதூதன் பின்னால் வந்து இறங்கிவிட்டான். வெளிறிய நீல வானம், அவனுடைய ரோசா நிறத் துணி, தாரா வாத்தின் சிறகு போன்ற கனத்த சிறகுகள், நீட்டிய விரல். அவளுக்கு அது தெரியவில்லை. மஞ்சள் உடுப்புடன் ஒரு பாறையில், பிள்ளைக்கு முதுகு காட்டி, எங்களை நோக்கி இருக்கிறாள். ஒரு கை காதோடு சேர்ந்திருக்கிறது. பிள்ளை பின்னால் கிடக்கிறான். அவனுடைய உள்ளங்கால் ஒன்று மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, புழுதி படிந்து தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அக்கா லண்டனுக்கு வந்து சேர்ந்தா. அவவுக்கு ஒரே மகன். பதினொரு வயதில், ஊர் இடம்பெயர்ந்து போகும் வழியில், ஷெல் விழுந்து இறந்துபோனான். அத்தான் அப்போது கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது. மகன் இறந்து பன்னிரண்டு நாளைக்குப் பிறகுதான் அக்காவின் கடிதம் அவரிடம் போனது. எனக்கும் ஒன்று வந்தது. இரண்டிலும் ஒரே வசனம்: அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, அவனுக்கு ஒரு நோவும் தெரிந்திருக்காது. பிறகு அக்கா கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோதும் அத்தானிடம் அதையே சொன்னாவாம். இருவரில் ஒருவருக்குத்தான் முதலில் வெளியே வர வழி கிடைத்தது. அத்தான் அக்காவை அனுப்பிவிட்டுப் பின்தங்கினார்.

அப்போது நான் கலியாணம் கட்டவில்லை. ஸ்ட்ரெதமில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து இருந்தேன். அக்கா முன்னறையில். நான் வேலைக்குப் போகும்போது யன்னலோரக் கதிரையில் இருந்தால், மாலை திரும்பும்போதும் அதே கதிரையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் இருப்பா. ஹீற்றரைப் போடமாட்டா. மத்தியானத்துக்குச் செய்து வைத்த சாப்பாடு மூடியபடியே இருக்கும். கேட்டால், "பசிக்கேல்லையடா" என்பா. அழுதும் நான் காணவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு ஒரு காலையில் சொன்னேன்.

"அக்கா, வெளிக்கிடுங்கோ. என்னோட வேலைக்கு வாங்கோ."

"நான் வந்து என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. அங்க சூடா இருக்கும். இருக்கிறதுக்கு வாங்கு இருக்கு. இஞ்ச இருக்கிறதை அங்க வந்து இருங்கோ."

வந்தா. பஸ்சில் போய் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். என் அறைக்குள் வந்ததும் மற்றப் படங்கள் எதையும் பார்க்காமல் நேராகப் போய் வாங்கில் உட்கார்ந்தா. முன்னால் அந்தப் படம். பின்னேரம் பூட்டும்வரை எழும்பவில்லை. அடுத்த நாளும் தானாகவே வெளிக்கிட்டு நின்றா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டை விட்டு வெளியே வருகிறா, கொண்டுவந்த இடியப்பத்தில் பாதியாவது சாப்பிடுகிறா என்று நினைத்துக்கொண்டேன். சேலைக்கு மேலே என்னுடைய பழைய கோட்டுடன் தினமும் வந்திருக்கும் பெண்ணைப் பார்த்து மற்றக் காவலாளிகளும் பழகிவிட்டார்கள். தேநீர் வேளையில் யாராவது ஒரு பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

மூன்றாம் கிழமை ஒருநாள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டா.

"தம்பி, இது என்ன கதை?"

புதன்கிழமை ஆசிரியை சொல்வதை நான் தமிழில் சொன்னேன். பணிப்பெண், தண்ணீர் முடிந்தது, பற்றை, எழுந்து போய் உட்கார்ந்தது. அக்கா படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தா.

"பிறகு பிள்ளை?"

"பிள்ளை தப்பிட்டுது அக்கா. அந்தா, கிணறு காட்ட வந்திட்டார்."

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தா. பையை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டா. நான் அறையை விட்டு அசைய முடியாது. தனியாகப் பஸ் ஏறத் தெரியாதே என்று மாலை வரை மனம் பதைத்தபடி நின்றேன். வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் கதிரையில் இருக்கிறா. நடந்தே வந்திருக்கிறா. செருப்பு வார் வெட்டிக் கால் புண்ணாகியிருந்தது.

இனி வரமாட்டா என்று நினைத்தேன். அடுத்த நாளும் வந்தா. ஒரு கிழமை அப்படியே போனது. பிறகு ஒரு மழைநாள், கூடத்தில் ஆளே இல்லை. நான் என் மூலையில் நின்றேன். வேலை நேரத்தில் நாங்கள் வாங்கில் உட்காரக் கூடாது. அக்கா திரும்பிப் பார்க்காமலே, படத்தோடு கதைப்பதுபோலத் தொடங்கினா.

"அவன் அந்த இடத்தில சாகேல்லை, தம்பி."

நான் கிட்டப் போனேன்.

"அரை நாள் இருந்தவன். வயித்தில காயம். ஒரு பனை வடலிக்குக் கீழ நிழலா இருந்தது, அங்க கிடத்தினனாங்கள். பக்கத்து வீட்டு அன்ரியும் நானும். ஆக்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உழவு மெசின் பாத்து ஓடினவை. வருது வருது எண்டு சொல்லிச்சினம். வரேல்லை."

அந்த நேரம் பார்த்து ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி அறைக்குள் வந்தார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று அந்த அம்மா கேட்டா. நான் சிரித்த முகத்துடன் வழி காட்டினேன். அவர்கள் இரண்டு படங்களைப் பார்த்து, மழையைப் பற்றி ஏதோ சொல்லி வெளியே போகும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை.

"தண்ணி தண்ணி எண்டு கேட்டவன். வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாது, குடுத்தா உடன போயிடும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். என்ர பையுக்க போத்தில் இருந்தது. நிறையத் தண்ணி இருந்தது. நான் குடுக்கேல்லை. அவன் நிப்பாட்டாமல் கேட்டுக்கொண்டே இருந்தவன். எனக்குக் கேக்க ஏலாமல் போச்சு. எழும்பிப் போயிட்டன். ஒரு வேலி இருந்தது. அதுக்கு அங்கால போய், காதைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. அன்ரி வந்து தோளில தொட்டா. அவ்வளவுதான்."

சீருடையோடு வாங்கில் அவவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வேலையில் நான் அப்படி உட்கார்ந்தது அந்த ஒரு தரம்தான்.

"இவளுக்குத் தண்ணி முடிஞ்சுபோச்சு. அதால எழும்பிப் போனவள்," என்றா அக்கா படத்தைக் காட்டி. "எனக்கு முடியேல்லையே."

ஸ்ட்ரெதமில் எங்கள் தெருவிலேயே ஒரு மலேசியத் தமிழர் இருந்தார். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட டொக்டர். சனிக்கிழமை அவரிடம் போய், யாருக்கோ நடந்தது என்று சொல்லிக் கேட்டேன். அப்படிப்பட்ட காயத்துக்கு ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் தண்ணீர் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்றார். நல்ல மருந்தொன்றைக் கொண்டுவருகிறவன்போல வேகமாக வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதைச் சொன்னேன். அவ தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை.

"சரி. நான் எழும்பிப் போனதுக்கு டொக்டர் என்ன சொன்னவர்?"

அதற்குப் பிறகு அக்கா ஓவியக்கூடத்துக்கு வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. சொன்னது அவவுக்கு ஏதோ செய்திருந்தது. ஹீற்றரைப் போட்டா. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தையல் தொழிற்கூடத்தில் பட்டன் தைக்கிற வேலைக்குப் போனா. ஒருநாள் வேலையால் வந்து, கூட வேலைசெய்யும் பெண் சொன்ன பகிடியை எனக்குச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. இதையெல்லாம் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. மனதில் இருப்பதைச் சொன்னால் ஆறும் என்று கண்ணால் கண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அத்தான் வந்தார். மெலிந்து, தலை முழுக்க நரைத்து, விமான நிலையத்தில் ஒரு சின்னப் பெட்டியுடன் நின்ற மனிதரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அக்காவை எந்நேரமும் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். முன்னறையை அவர்களுக்கு விட்டுவிட்டேன். ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து மரக்கறி வெட்டுவதைப் பார்க்க வீடு வீடாகத் தெரிந்தது. ஆனால் மகனைப் பற்றிப் பேச்சு வந்தால் அத்தான் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார். "நல்ல காலம், பிள்ளை ஒரு நோவும் அறியாமல் போனவன்." அதைச் சொல்லித்தான் அவர் அந்த வருடங்களைக் கடந்திருந்தார் என்று இப்போது விளங்குகிறது. அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அக்கா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா.

ஒருநாள் பஸ் தரிப்பில் வைத்து அக்காவிடம் சொன்னேன்.

"அத்தானிட்டச் சொல்லுங்கோ அக்கா. இதை வைச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கு இருப்பியள்?"

"தாங்குவாரோ?"

"தாங்குவார். அவர் அவன்ர தேப்பன். அவருக்குத் தெரியத்தானே வேணும்."

இன்னொரு நாளும் சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அக்கா சொன்னா. நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். கதவு சாத்தவில்லை. எனக்குச் சொன்ன அதே வரிசையில், அநேகமாக அதே சொற்களில் சொன்னா. வடலி, உழவு மெசின், போத்தில், வேலி. ஒன்றையும் ஒளிக்கவில்லை. நான் குழாயை நிற்பாட்டிவிட்டு ஈரக் கையோடு நின்றேன்.

அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னைக் கேட்டவனோ?"

ஓம் என்று சொல்லுங்கோ அக்கா என்று என் மனம் கத்தியது. உண்மையைச் சொல்லச் சொல்லி மூன்று முறை நச்சரித்தவன், அந்த இடத்தில் ஒரு பொய்யை யாசித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும். அக்கா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவவுக்கு அன்று பொய் முடிந்துபோயிருந்தது.

"இல்லை. தண்ணி மட்டும்தான் கேட்டவன்."

அத்தான் எழும்பி, கோட்டைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வாறன் என்றார். வந்தார். சாப்பிட்டார். திட்டவில்லை, ஒரு கடும் சொல் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஃபாரஸ்ட் கேட்டில் ஊர்க்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் இவ்வளவு தூரம் போய்வர ஏலாது, கிழமை நாட்களில் அங்கேயே தங்கப் போகிறேன் என்றார். சனி ஞாயிறில் வந்தார். பிறகு மாதத்தில் ஒரு தரம். பிறகு வரவில்லை.

ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று கதைத்தோம். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் ஊற்றித் தந்தார்.

"அத்தான், அக்கா செய்தது பிழையோ?"

"சீ, ஆர் சொன்னது? அவவில ஒரு பிழையும் இல்லை. நான் அந்த இடத்தில நிண்டிருந்தால் அவவுக்கு முதல் நான் ஓடியிருப்பன்."

"அப்ப ஏன் வீட்டுக்கு வாறியள் இல்லை?"

அவர் ஒரு பெட்டியை வெட்டித் திறந்து, பருப்புப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். எல்லாம் எடுத்து முடிந்த பிறகுதான் பதில் வந்தது.

"அவவைக் கண்டா எனக்கு அவன்ர சத்தம் கேக்குது, தம்பி. நான் கேட்டிராத சத்தம். முந்தி எனக்கு அது இல்லை."

வருடத்தில் ஒருநாள் மட்டும், மகனின் திதிக்கு, அத்தான் வருவார். அக்கா முதல் நாளே வீட்டைக் கழுவி, அன்று விடியக் குளித்து, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் பாயசமும் செய்வா. இருவரும் அவனுடைய படத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று தீபம் காட்டுவார்கள். ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். "பொரியல் இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?" "காணும், நீர் சாப்பிடும்." யாராவது புதிதாகப் பார்த்தால் முப்பது வருடம் குடும்பம் நடத்திய ஒற்றுமையான தம்பதி என்பார்கள். நாலு மணிக்கு அத்தான் எழும்புவார். அக்கா மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பா. பஸ் தரிப்புவரை நான் கூடப் போவேன். இப்படி ஐந்து திதி. ஆறாவதுக்கு முன் அத்தான் நித்திரையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அக்கா ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போய் அவருடைய அறையைத் துப்புரவாக்கி, சட்டைகளைத் தோய்த்து மடித்து, நாலு நாள் அங்கேயே தங்கியிருந்துவிட்டு வந்தா.

சொல்லுங்கோ என்று சொன்னது நான். வேறு யாரும் சொல்லவில்லை. அக்கா எனக்குச் சொன்னதோடு அது முடிந்திருக்கலாம். அத்தான், தன் மகன் நோவறியாமல் போனான் என்ற நம்பிக்கையோடு, அக்காவுக்குப் பக்கத்தில், ஞாயிறுகளில் மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்திருப்பார். அக்கா மட்டும் சுமந்திருப்பா. அது நியாயமா என்றால் எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் யோசித்தும் தெரியவில்லை.

அத்தானின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்லி நான் நச்சரித்து ஆய்க்கினைப்படுத்தாமல் விட்டிருக்க வேணும், என்னை மன்னியுங்கோ என்றேன்.

அக்கா வாழையிலைகளைச் சுருட்டிக் கறுப்புக் குப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தா.

"விசர்க்கதை கதையாதை. நீ சொல்லாட்டிலும் நான் சொல்லித்தான் இருப்பன்," என்றா.

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னா. பையின் வாயை இறுக்கி முடிந்து என் கையில் தந்தா. நான் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.